முதல் பக்கத்துக் கை

மேடையின் நடுவே வீற்றிருக்கும் பேராசிரியர் லிண்டாவ் அவர்களே! இருபுறமும் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே! முன்வரிசையில் இருக்கும் திருமதி ஹெர்மீனே ஷ்ட்ரூபே அம்மையாரே! லைப்சிக் நகரத்து எக்ஸ்ரே கூடங்களிலிருந்து வந்து பின்வரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் கொன்ராட் ஃபீரெக். மருத்துவன் அல்லன். பேராசிரியரின் எக்ஸ்ரே படத்தொகுப்புக்கும் அவருடைய மாத இதழுக்கும் பதினோரு ஆண்டுகளாகப் படங்களை உலோகத் தகட்டில் பிளாக் செய்து அச்சடித்துக் கொடுப்பவன். "நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்க" என்றார் பேராசிரியர். மறைந்த நம் வால்டெமார் ஷ்ட்ரூபேயைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வேன். மற்றவர்களைப் பற்றி நான் வாக்குக் கொடுக்கவில்லை.

எனக்கு முன் பேசிய மூவரும், அவர் அறிவியலுக்குத் தன்னை அர்ப்பணித்தார் என்றார்கள். அர்ப்பணித்தாராம்! எதை அர்ப்பணித்தார் என்று ஒருவராவது சொன்னாரா? நான் சொல்கிறேன். கையை!

எக்ஸ்ரே கூடத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். எக்ஸ்ரே குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, குழாய்க்கும் திரைக்கும் நடுவே சொந்தக் கையையே நீட்டுவீர்கள். எலும்பு கறுப்பாகத் தெரிந்தால் நோயாளியை உள்ளே கூப்பிடலாம். பேராசிரியரின் கூடத்தில் குழாயை இயக்கி, ஒரு நாளைக்கு முப்பது தடவை கையை நீட்டியவர் ஷ்ட்ரூபே. படத்தொகுப்பின் முதல் பக்கத்தில், கல்யாண மோதிரத்தோடு, 'நலமுள்ள ஆணின் இடக்கை' என்று உலகமே பார்த்ததும் அதே கைதான்.

மூன்றாம் பதிப்புக்கு அந்தக் கையையே புதிதாகப் படம் எடுத்தார்கள். கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்று விரல்களின் நுனி எலும்பு அரித்துப் போயிருந்தது. பேராசிரியரிடம் ஓடினேன்.

"ஐயா, இதை நலமுள்ள கைன்னு எப்படிங்க போடுறது?"

"அந்த மோதிரக் கை எல்லாருக்கும் பழகிப்போச்சு ஃபீரெக். நுனியில மட்டும் லேசா டச்சிங் பண்ணிடுங்க. உங்களுக்குத் தெரியாத வேலையா?"

தெரிந்த வேலைதான். செய்தேன். இல்லாத எலும்பைப் பென்சிலால் வரைந்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

புத்தகத்தைப் பார்த்த ஷ்ட்ரூபே என்ன சொன்னார் தெரியுமா? "அடேய் கொன்ராட்! எந்த டாக்டராலயும் முடியல, நீ என் விரலைக் குணமாக்கிட்டியேடா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆண்டே இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்கை வரை எடுத்தார்கள். அப்புறமாவது நிறுத்தினாரா? நிறுத்த விட்டார்களா? வலக்கையை நீட்டினார்! அதிலும் புண் வந்த பிறகுதான் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். 'யாரும் சொந்தக் கையை நீட்டாதீர்கள். செத்தவர் கையெலும்பைப் பலகையில் பதித்து வைத்துச் சோதியுங்கள்.' அவ்வளவுதான் விஷயம். இதழுக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. "இதைப் போட்டா நாளைக்கு ஒரு நோயாளியாவது வருவானாய்யா?" என்று பேராசிரியர் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை, அந்தப் புண்ணிலிருந்து பரவிய புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. இதய நோயால் இறந்தார் என்று இரங்கல் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார் பேராசிரியர். அதே மோதிரக் கையைக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டு, சிறப்பிதழாக அச்சடிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன். உங்கள் நாற்காலியில் இருந்ததே, புழுக்கத்துக்கு விசிறிக்கொண்டிருக்கிறீர்களே, அதுதான். பிரித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் டச்சிங் செய்யாத கை. அடுத்த இரண்டு பக்கங்களில் அவர் எழுதியது, ஒரு சொல்கூடக் குறையாமல். கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி ஹெர்மீனே அம்மையார் கொடுத்தார்.

"ஃபீரெக்! இறங்குங்க கீழே! இது என்னோட இதழ்!"

கேட்டீர்களா, சபையோரே? ஆமாம் பேராசிரியரே, இதழ் உங்களுடையது. கை அவருடையது.

முடிக்கிறேன். பின்வரிசைத் தோழர்களே, ஜூன் மாதப் புழுக்கத்தில் ஏன் எல்லோரும் கையுறை போட்டிருக்கிறீர்கள்? எனக்குத் தெரியும். உங்கள் மனைவிமாருக்கும் தெரியும். கழற்றுங்கள்! வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் அல்லர். கழற்றிய கையை உயர்த்தி ஷ்ட்ரூபேயின் பெயரால் சொல்லுங்கள்: இனி எந்தக் குழாய்க்கு முன்னாலும் இந்தக் கையை நீட்ட மாட்டோம்!

பேராசிரியரே, நீங்கள் கழற்ற வேண்டியதில்லை. நீங்கள் வெறுங்கையோடுதான் வந்திருக்கிறீர்கள். பதினோரு ஆண்டு எக்ஸ்ரே துறையில் இருந்தும் ஒரு நகம்கூடக் கறுக்கவில்லை. நான்காம் பதிப்புக்கு நலமுள்ள கை ஒன்று வேண்டும். நாளைக் காலை வந்து நீட்டுங்கள்.