கார்பெட்டில் ஊற்றிய கறி

கோப்பெங்கிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்:

“நேத்து புது கார்பெட் துண்டுல கோழிக் கறிய ஊத்துனேன்லா.”

“வேணும்னேவா, அக்கா?”

“வேணும்னேதான். வாங்குறதுக்கு முன்னாடி பாக்கணும்னு கடையில சாம்பிள் கேட்டு எடுத்துட்டு வந்தேன். போன கிறிஸ்மஸுக்கு அழகா இருக்கேன்னு வெள்ளைய வாங்கிப் போட்டு, ‘பாத்து, பாத்து’ன்னே வந்தவங்கள ஒரு வழி பண்ணிட்டேன்.”

“ஆமாக்கா. நான் பயந்துபோயி கறியே வேணாம்னுட்டேன். வெறும் சோத்தத் தின்னுட்டுப் போனேன்.”

“அதான் இந்தத் தடவ காப்பி கலரு. தொடச்சதும் ஊத்துன எடமே தெரியல. அதனால இதையே எடுக்கப் போறேன்.”

இளையவர் இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“அப்பாடா. இந்த வருஷம் எனக்கும் ஊத்துங்கக்கா.”