ஞாயிற்றுக்கிழமையும் ஓடிய கணினிகள்

இடுப்பு வலிக்கிறது, சார். கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஒட்டன்சத்திரம் சந்தையில் சின்ன வயதில் தக்காளிப் பெட்டி சுமந்ததில் வந்த வலி. எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்தவனுக்குச் சோறு கிடையாது. எது சும்மா கிடந்தாலும் எனக்குப் பொறுக்காது.

நூற்பாலை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை அத்தனையும் தூங்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நோய்களுக்கு மருந்து தேடுகிறது. பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, ஊர் உலகத்தில் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு அனுப்பும். விருப்பப்பட்டவர்கள் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பலாம், கூலி கிடையாது. எல்லாக் கணினியிலும் அதற்கான மென்பொருளை ஏற்றினேன். முதலாளியிடம் கேட்கவில்லை. கேட்டால் கரண்டு பில்லைப் பற்றித்தான் பேசுவார்.

பழைய கட்டடம். எல்லாம் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். தோட்டத்து மோட்டார் ரூமில் எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் செய்தேன். ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றினேன். அதன்பின் ஃபியூஸ் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வருவது பெருக்குகிற ஒச்சம்மாக்கா மட்டும்தான். பஞ்சுத் தூசியில் மூச்சிரைப்பு வந்தபின் மில்லிலிருந்து அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

"ஏன் அப்பு, இதுகளுக்கு ஞாயித்துக்கெழமகூட லீவு இல்லையா?"

"மருந்து கண்டுபிடிக்குதுக்கா."

"அப்ப என் இழுப்புக்கும் ஒண்ணு கண்டுபிடிக்கச் சொல்லு. இம்புட்டுப் பொட்டி இருக்கு, ஒண்ணுக்குக்கூடவா துப்பில்ல?"

சிரித்தேன். நல்ல மனுஷி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சின்னாளப்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். ஒச்சம்மாக்கா போன் செய்தார். "அப்பு, வயரு கருகுற வாடை அடிக்குது. மெயின அமத்திரவா?"

என் போனில் கணக்கு ஓடுவது தெரியும். பார்த்தேன். பல வாரமாக ஓடிய துண்டு முடியப்போகிறது. சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

"தொடாதீங்கக்கா. செத்த நேரம் பொறுங்க. கதவச் சாத்திட்டு உள்ளயே இருங்க, இல்லாட்டி கேட்டு வாட்ச்மேன் வாடை புடிச்சு வந்து அமத்திருவான்."

"சரி அப்பு, இருக்கேன்."

நான் சொன்னால் கேட்பார். மறுபடியும் கூப்பிட்டார். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், எடுக்கவில்லை. கணக்கு முடிந்து பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தது. அதன்பின் நான் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த ஃபியூஸ் கட்டை இருந்த மெயின் பெட்டி, அலுவலகத்தின் ஒரே வாசலுக்கு மேலே இருந்தது. தீ அங்கேதான் பிடித்தது. வெளியே வர வேறு வழியில்லை. அவருடைய மூச்சுக்குப் புகையே போதுமாக இருந்தது.

கரண்டு அடுப்பில் குழம்பு சுட வைத்திருப்பார் என்று விசாரித்தவர்களிடம் சொன்னேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பெருக்குகிறவர் செய்தார் என்றால் சுலபமாக நம்புகிறார்கள். தீ அணைந்ததுமே செம்புக் கம்பியைக் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய் எடுத்துவிட்டேன்.

நான் கொல்ல நினைக்கவில்லை, சார். ஓடுகிற வேலை நடுவில் நிற்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். அந்தக் கணக்கு எங்கோ யாரையாவது பிழைக்க வைக்கும்.

காரியம் முடிந்ததும் அவர் மகள் செல்லக்கிளி அதே விளக்குமாற்றை எடுக்க வந்தாள். முதல் நாளே என் மேசை முன்னால் நின்று கும்பிட்டாள். "சார், எங்கம்மா செஞ்சத மனசுல வச்சுக்கிறாதீங்க. மன்னிச்சிருங்க."

"பரவால்ல, போயி வேலையப் பாரு" என்றேன்.

அந்த மன்னிப்பை அவளிடம் நான் கேட்டிருக்க வேண்டும். அது இன்னும் பாக்கி.