மூன்று முறை ருசி பார்த்த வெண்ணெய்

தேநீருக்கு நன்றி. சர்க்கரை போட மறந்துவிட்டார்கள் போல. பரவாயில்லை, இந்த மாதிரி அலுவலகங்களில் கேட்டதும் தேநீர் வருவதே பெரிய விஷயம். மூலையில் உட்கார்ந்து எழுதுகிறாளே அந்தப் பெண் போலீஸ், அவள்தானே கொண்டுவந்தது? குறை சொல்லவில்லை. சின்னப் பெண், கவனம் போதாது.

எங்கிருந்தாவது ஆரம்பியுங்கள் என்றீர்கள். வெண்ணெயிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வெண்ணெய்த் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் நான் ருசி பார்ப்பவனாக இருந்தேன். அப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. பெரிய பாளம் பாளமாக வெண்ணெய் வரும். நீளமான குழாய்க் கத்தியை நடுவில் செருகி, ஒரு திருகு திருகி இழுத்தால் உள்ளே இருப்பது ஒரு விரல் கனத்துக்கு வெளியே வரும். அதை மோந்து, நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்து, மேலண்ணத்தில் தேய்த்துத் துப்ப வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளித்து ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இப்படி மூன்று முறை. மூன்று முறை பார்க்காமல் நான் எந்தப் பாளத்துக்கும் முத்திரை குத்தியதில்லை. வாசலில் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தாலும் சரி, முதலாளியே வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாலும் சரி.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போதே கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் முத்திரை குத்திய சரக்கு நாலு தடவை காறல் வாடை என்று திரும்பி வந்ததாம். வாங்கினவர்களுக்கு நாக்கு செத்துப்போயிருந்தால் அதற்கு நானா பொறுப்பு?

அதன் பிறகுதான் வீட்டில் பழ வெண்ணெய் செய்ய ஆரம்பித்தேன். கடைகளில் விற்கிறதே, அதை வாயில் வைக்க விளங்காது. செய்முறை ஒன்றும் மந்திரமில்லை. உப்பில்லாத வெண்ணெயை வெளியே வைக்க வேண்டும், விரலால் அமுக்கினால் குழி விழுகிற பதம் வரும்வரை. உருகவிட்டால் போச்சு. பேரீச்சையோ அத்தியோ, பழத்தைப் பொடியாக நறுக்கித் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் வெண்ணெய் அழும். முந்திரி, பாதாம் பருப்புகளை வறுத்து முழுசாக ஆறவிட்டு இடிக்க வேண்டும். சூடாகப் போடுகிற அவசரக்குடுக்கைகள் உண்டு. கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவல், ஒரு ஸ்பூன் தேன், கடைசியில் உப்பு. எல்லாவற்றையும் மரக்கரண்டியால் மடித்து மடித்துக் கலந்து, வெண்ணெய்த் தாளில் உருளையாகச் சுருட்டி, இரண்டு முனையும் முறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்தால் முடிந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன். சப்புக்கொட்டித் தின்றுவிட்டு "நல்லா இருக்கு" என்பார்கள். எது நல்லா இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

என் மகள் கட்டிக்கொண்டவர் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். தப்பில்லை, ஊர் தூங்க வேண்டுமே. சாதுவான மனுஷன். வந்தால் செருப்பை ஜோடியாக ஒதுக்கி வைப்பார், நான் உட்காரும்வரை உட்கார மாட்டார். இந்த மாதிரி ஆட்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. அவருக்கு முந்திரி, பாதாம் மாதிரிப் பருப்பு வகை எதுவும் ஆகாதாம். ஒன்பது வயதில் ஒரே ஒரு முந்திரி தின்று, முகம் பூசணிக்காயாய் வீங்கி, மூச்சு நின்று பிழைத்தாராம். என் மகள் ஒரு மஞ்சள் பையில் ஊசி வைத்திருப்பாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அதைக் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்வாள்.

"அப்பா, இது இங்கதான் இருக்கு. அவருக்கு மூச்சு முட்டினா உடனே தொடையில குத்திடணும். ஒரு நிமிஷம்கூட யோசிக்கக் கூடாது."

ஒவ்வொரு முறையும் சொல்வாள். நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டுவேன்.

எனக்கு இந்த ஆகாது போகாது கதைகளில் நம்பிக்கை கிடையாது. கண்ணால் பார்த்துப் பயப்படுவார்கள், பெயரைக் கேட்டுப் பயப்படுவார்கள், உடம்பும் சேர்ந்து ஆடும். நாக்குக்குத் தெரியாமல் ஒன்று உள்ளே போனால் உடம்புக்கு எப்படித் தெரியும்? தொழிற்சாலையில் பாளத்தின் மேலிருக்கும் பண்ணைப் பெயரை மறைத்துவிட்டு ருசி பார்க்கச் சொல்வோம். பெயர் தெரிந்தபோது முகம் சுளித்தவர்கள் பலர், பெயர் தெரியாமல் அதையே நக்கித் தின்றிருக்கிறார்கள்.

ஆனாலும் சும்மாதான் இருந்தேன். மெத்தைக் கடைக்காரரின் பயம் எனக்கெதற்கு? போன மாதம் அவர்கள் வந்தபோது அத்திப்பழ வெண்ணெய் கொடுத்தேன். பருப்பு இல்லாதது, நேர்மையாகச் செய்தது. அவர் ஒரு வாய் வைத்தார். கொஞ்சம் தயங்கினார்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"

"ஆமாப்பா, போன தடவையும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் என் மகள். "நான்தான் சொல்லல."

மெத்தை விற்கிறவர் எனக்கு உப்பு சொல்கிறார். நான் பெற்றது அதற்குத் தாளம் போடுகிறது. சிரித்துக்கொண்டே தட்டை எடுத்து வைத்தேன். அவர்கள் போன பிறகு அதே வெண்ணெயை மூன்று முறை பார்த்தேன். உப்பு ஒரு துளி குறைவாகத்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு முந்திரியை லேசாக வறுத்து, மாவாக அரைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை சலித்தேன். அதில் கால் ஸ்பூன் எடுத்துப் பேரீச்சை வெண்ணெயில் கலந்தேன். மேலே ஆரஞ்சுத் தோலும் தேனும் தாராளமாகப் போட்டேன். முப்பத்தொரு வருடத்தில் என்னுடன் வேலை பார்த்த ஒருவனும் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டான். என் கணக்கு சுலபமானது. மாப்பிள்ளை ருசித்துச் சாப்பிடுவார். ஒன்றும் ஆகாது. நான் அந்த முந்திரியின் மிச்சத்தை மேசையில் வைத்து, உங்கள் நாக்கின் லட்சணம் இவ்வளவுதான் என்பேன். அதற்குப் பிறகு என் வீட்டில் உப்பைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆரஞ்சு தீர்ந்துவிட்டது என்று மகளைக் கடைக்கு அனுப்பினேன். கூடையில் ஐந்து ஆரஞ்சு இருந்தது, உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். ருசி பார்க்கும் அறையில் மூன்றாவது ஆள் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் விதி.

மாப்பிள்ளை பிரெட்டில் தடவி ஒரு கடி கடித்தார். மென்றார். நிறுத்தினார்.

"மாமா, இதுல ஏதாவது பருப்பு போட்டீங்களா? லேசா முந்திரி மாதிரி தெரியுது."

ஐயா, நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அது கால் ஸ்பூன், இரண்டு முறை சலித்தது. அதை ஒரு கடியில் பிடித்துவிட்டார். மெத்தைக் கடைக்காரர். அந்த நேரத்தில் ஆமாம் என்றால், அவருக்கு முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும்.

"இல்லையே" என்றேன். "பேரீச்சை பழுத்தா அந்த வாசனை வரும் மாப்பிள்ளை. சாப்பிடுங்க."

"சாரி மாமா, எனக்கு எப்பவும் இந்தப் பயம்தான்" என்று சிரித்துவிட்டு, என் மனம் நோகக் கூடாதென்று மிச்சத்தையும் சாப்பிட்டார்.

இரண்டு நிமிடத்தில் உதடு தடித்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வரவில்லை. குளிர்பெட்டியின் மேல் கையைக் காட்டினார். எதைக் காட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மஞ்சள் பை என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் எனக்கு முதலில் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அவர் தட்டிலிருந்து ஒரு துளி எடுத்து என் நாக்கில் வைத்தேன். முந்திரி தெரியவில்லை. துப்பிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஒரு நிமிடம் நின்றேன். மறுபடி வைத்தேன். அவர் நாற்காலியிலிருந்து சரிந்திருந்தார், தரையில் குதிகால் தட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் கவனம் வைப்பது சிரமமாக இருந்தது. தெரியவில்லை. கொப்பளித்து மறுபடி ஒரு நிமிடம் நின்றேன். மூன்றாவது முறை பார்த்தபோது சத்தம் நின்றுவிட்டது. அப்போதும் தெரியவில்லை.

மகள் வந்தாள். ஆரஞ்சுகள் தரையெல்லாம் உருண்டன. ஊசியைக் குத்தினாள், மார்பை அழுத்தினாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். உயிர் போய்விட்டது என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்ன பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, ஊசி இங்கயேதான் இருக்கு. நீங்க பார்க்கலையா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை.

ஆக, முந்திரி போட்டது நான். இல்லை என்று சொன்னதும் நான். ஊசி எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் எடுக்காமல் நின்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த வெண்ணெயில் முந்திரி ருசி கிடையாது. என் நாக்குக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரியும்? குருட்டாம்போக்கில் சொன்னார், பலித்துவிட்டது. அவ்வளவுதான்.

நன்றி, இன்னொரு தேநீர் வரவழைத்துவிட்டீர்கள், கொண்டுவந்தது அதே பெண்தான். இந்தத் தடவையாவது சர்க்கரை போட்டாயா அம்மா என்று கேட்டேன், அவள் சொன்ன பதில் உங்கள் காதிலும் விழுந்தது அல்லவா?

"மூணு ஸ்பூன் போட்டிருக்கேன் சார். முதல் தடவையும் மூணுதான்."

அவள் சொல்லும்போதே ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு மடக்கு. இப்போது மூன்றாவதையும் பார்த்துவிட்டேன். சர்க்கரை இல்லை. இந்தப் பெண் பொய் சொல்கிறாள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.