சோபாவில் வேறொருத்தி

வித்துரா போகும் பஸ் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கிளம்பாமல் நின்றிருந்தது. எனக்கு முன்சீட்டில் இரண்டு இளம்பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"'நம்ம சோபாவுல வேற எவளோ உக்காந்திருக்கா'ன்னு அம்மா போன்ல ஒரே அழுகை."

இதைக் கேட்ட பிறகு காதை எங்கே திருப்புவது?

"ஏட்டி, ஹாஸ்டல்ல இருக்கவளுக்கு சோபா ஏது?"

"நான் மலையாளம் சொல்லிக் குடுக்கிற வீடியோவை வாடகை ஸ்டுடியோவுலல்லா எடுக்கேன். அந்த சோபாவையும் லைட்டையும் பாத்து, நான் வீடு எடுத்துட்டேன்னு அம்மா நெனச்சுட்டா. நானும் ஆமான்னுட்டேன். பின்னால இருக்கது துணியில அச்சடிச்ச ஜன்னல். ராத்திரி அதைச் சாத்திட்டுப் படுன்னு தெனமும் சொல்லுவா. நேத்து யூடியூப்ல வேற ஒருத்தி. அதே சோபா, அதே ஜன்னல்."

"ஐயோ பாவம். பின்னே?"

"உள்ளதைச் சொல்லிட்டேன். எல்லாரும் மாறி மாறி வந்து வீடியோ எடுக்கிற எடம்மான்னு."

"ஏசுனாங்களா?"

"இல்லட்டி, அழுகைய நிறுத்திட்டா. அப்புறம் சொல்லுதா, 'அந்தப் புள்ளையப் பெத்தவளும் அது மக வீடுன்னுதான் நெனச்சிட்டிருப்பா. நீ அவ வீடியோ கமென்டுல எதையும் எழுதி வச்சிராத.'"