தலைகீழ்க் கூடாரம்

– புரியலை அஞ்சம்மா. பிள்ளைங்களைச் சேர்க்க யாருமே வரலையா, இல்லை வந்தவங்க திரும்பிப் போயிட்டாங்களா?

– வந்தாங்கோ வாத்யாரே. பத்து பேரு வந்தாங்கோ. அத்தினி பேரும் ஆம்பளைங்கோ. கேட்டாண்ட நின்னுகினு, "வலிக்குமா?"ன்னு கேட்டுட்டு நவுந்துட்டானுங்கோ.

– கோடை முகாமுக்கு எதுக்கு வலிக்கணும்?

– ஒர்த்தன் மட்டும் போவல. வெறும் வயித்தோட வந்து ஆலமரத்தாண்ட குந்திகினு கீறான். "பக்கெட்டு முன்னாடி குடுப்பீங்களா, அப்பால குடுப்பீங்களா?"ன்னு ரெண்டு தபா கேட்டுட்டான். நான் சமையக்காரி, நான் இன்னாத்த சொல்றது?

– ஞானஜோதி டீச்சர், கொஞ்சம் இப்படி வாங்க. நீங்க தமிழ் டீச்சர். இந்த நோட்டீசைப் படிச்சு என்ன கோளாறுன்னு சொல்லுங்க. நான் ட்ரில் மாஸ்டர், எனக்கு லெஃப்ட் ரைட்தான் தெரியும்.

– கொடுங்க தயாளன் சார். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே காட்டியிருக்கலாம்.

– அவசரம் டீச்சர். இன்னைக்குப் புதன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முப்பது பிள்ளைங்க பேர் வேணும். இல்லாட்டி...

– இல்லாட்டி என்னன்னு தெரியும் சார். ஹாஸ்டலை மூடிடுவாங்க. ஹாஸ்டல் இல்லாட்டி வார்டன் எதுக்கு, ஜூன்ல எனக்குத் தெற்கே நாசரேத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல். மே மாசம் முப்பது பிள்ளைங்க ஒரு வாரம் இங்க தங்கிப் பார்த்தா, பாதிப் பேராவது ஹாஸ்டல்ல சேருவாங்கன்னு நீங்க கரெஸ்பாண்டென்ட் ஐயாகிட்ட மன்றாடினதும் தெரியும். படிக்கட்டுமா?

– படிங்க.

– "மாபெரும் முகாம். தாம்பரம். மே 1972. ஏழு நாள் தங்கும் வசதி. அனுபவம் மிக்க டாக்டர் உடனிருப்பார்."

– பிள்ளைங்க மரத்துலேர்ந்து விழுந்து வச்சா? அதுக்குத்தான் டாக்டர்.

– "முதல் நாள் காலை வெறும் வயிற்றுடன் வரவும்."

– அஞ்சம்மா பொங்கல் வைக்கிறா. வீட்டுல சாப்பிட்டுட்டு வந்தா வீணாகுமே.

– "இரண்டுக்கு மேல் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குச் சிறப்புச் சலுகை."

– மூணாவது பிள்ளைக்குக் கட்டணம் இல்லைன்னு அர்த்தம்.

– "கலந்துகொள்வோர் அனைவருக்கும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் அன்பளிப்பு."

– குளிக்கணுமே டீச்சர்.

– சரி. மேலே இது என்ன படம்? சிவப்பு முக்கோணம், தலைகீழா நிக்குது.

– அது கூடாரம். பிரஸ்ல கூடாரப் பிளாக் இல்லை, முக்கோணம்தான் இருக்குன்னார். சிவப்பு மையில போட்டா எடுப்பா இருக்கும்னு நான்தான் சொன்னேன். அவர் பிளாக்கைத் திருப்பி வச்சிட்டார் போலிருக்கு. கூடாரம்னு தெரியலையா?

– சார், ஆஸ்பத்திரிச் சுவத்துல, பஸ்ஸுக்குப் பின்னாடி, இந்தத் தலைகீழ் முக்கோணத்தை நீங்க பார்த்ததே இல்லையா?

– பார்த்திருக்கேன். ஐயையோ.

– ஆங். இப்பத்தான் வெளங்குது வாத்யாருக்கு. குடும்பக் கட்டுப்பாடு ஆப்ரேசன் கேம்ப்புன்னு ஊரு பூரா பேசிகினு கீது. அங்கயும் பக்கெட்டுதான் குடுக்கறாங்கோ. குரோம்பேட்டையிலேர்ந்து கூடுவாஞ்சேரி வரிக்கும் நீ சைக்கிள்ல போயி ஒட்டிட்டு வந்துட்டே. உன் சைக்கிளு பெல்லு கேட்டா எங்க தெருவுல ஆம்பளைங்கோ கொல்லப்பக்கமா ஓடறானுங்கோ.

– நான் ஸ்டெடியா யோசிச்சுத்தான் எழுதினேன் அஞ்சம்மா.

– அது கூடப் பரவால்ல. கீழ ரெண்டு பேரு போட்டுகீறியே, அத்த வச்சுத்தான் சனம் வயிறு வலிக்க சிரிக்குது.

– "நடத்துபவர்கள்: திரு. தயாளன், செல்வி ஞானஜோதி." இதுல சிரிக்க என்ன இருக்கு?

– கண்ணாலமே கட்டாத ரெண்டு பேரு, ஊரான் குடும்பத்தக் கட்டுப்படுத்த வந்துட்டாங்கோன்றாங்கோ.

– சரி, அப்ப அந்த "செல்வி"யை மட்டும் எடுத்துடலாமா டீச்சர்?

– எதுக்கு சார்? முப்பத்தாறு வயசாச்சு, செல்விதானே. இந்த நோட்டீஸ்ல பிழையில்லாத ஒரே வார்த்தை அதுதான்.

– அப்படி இல்லை டீச்சர், நான் சொல்ல வந்தது... போகட்டும். சர்ச்சுல பாஸ்டர் ஐயா அறிவிச்சிருப்பாரே, அதுலயாவது நாலு பேர் வருவாங்க. நான் போன ஞாயிறு பறங்கிமலை என்.சி.சி. பரேடுக்குப் போயிட்டேன்.

– அதை ஞாபகப்படுத்தாதீங்க.

– ஏன், அங்க என்ன ஆச்சு?

– முதல்ல ஒரு கல்யாண ஓலை வாசிச்சார். அஞ்சம்மா, உனக்குத் தெரியாதில்ல, எங்கள்ல இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு மூணு ஞாயிறு சபையில வாசிப்பாங்க. அதுக்கு ஓலை வாசிக்கிறதுன்னு பேர். அதை முடிச்ச கையோட, "திரு தயாளனும் செல்வி ஞானஜோதியும் கர்த்தருக்குச் சித்தமானால் வருகிற மே மாதத்தில்"னு தொடங்கினார். தொடங்கிட்டுக் கண்ணாடியைத் துடைக்க நிறுத்தினார்.

– நிறுத்தினாரா?

– நல்லா நிதானமா துடைச்சார். அதுக்குள்ள பின் பெஞ்சுல புஷ்பம் அம்மா "ஸ்தோத்திரம்"னு சத்தமா சொல்லிட்டாங்க. சபையே திரும்பி என்னைப் பார்த்துது. அப்புறம்தான் "கோடை முகாம் நடத்த இருக்கிறார்கள்"னு முடிச்சார். எல்லார் முகமும் தொங்கிப் போச்சு.

– ஸாரி டீச்சர்.

– நீங்க எதுக்கு ஸாரி சொல்றீங்க? நீங்கதான் ஒண்ணுமே சொல்லலையே.

– இப்ப நோட்டீசுக்கு என்ன பண்றது டீச்சர்?

– வேற நோட்டீஸ் எழுதறேன். "உடல் நலமும் உள்ள வளமும் ஓங்க, தேகப்பயிற்சியும் குறள் மனனமும்..."

– நிறுத்து டீச்சரம்மா. லீவு வுட்டதும் கொறளு படிக்க எந்தப் புள்ள வரும்? காயிதம் அடிச்சு பேஜாரானது போதும். காயிதத்துல கெட்டத வாயால சரி பண்ணணும். என்னாண்ட வுடு.

*

– அஞ்சம்மா, அந்தப் பக்கக் கயித்தை இழு. இன்னும் கொஞ்சம். ஸ்டெடி. போதும்.

– இம்மாம் பெரிய கூடாரம் ஏது வாத்யாரே?

– என்.சி.சி. கூடாரம். கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். வேலியோரமா அடிச்சா ஜி.எஸ்.டி. ரோடுல போற பஸ்ஸுலேர்ந்து பார்த்தாலே தெரியும். இனிமே எது மேல், எது கீழ்னு எவனுக்கும் சந்தேகம் வராது. உன் கதையைச் சொல்லு. எத்தனை பேர்?

– நேத்து ரேசன் கடை வரிசைல நின்னேன். எனுக்கு சக்கர வேணாம், சும்மா நின்னேன். பொம்பளைங்கோ என்னப் பாத்து, "இன்னா அஞ்சம்மா, கத்திய தீட்டிட்டாங்களா?"ன்னாங்கோ. அடி போடி, அது உன் புருசனுக்கு இல்ல, உன் புள்ளிங்களுக்குன்னேன். அந்த வாத்யாரு கூடாரம் வரையத் தெரியாம தலகீழா வரஞ்சுட்டாருன்னேன். ஒரே சிரிப்பு.

– என் மானம் போச்சு.

– உன் மானம் போய்த்தான் ஏழு பேரு சேர்ந்துது. அங்க இன்னா பண்ணுவாங்கோன்னு கேட்டாங்கோ. பம்பு செட்டுல குளிப்பாங்கோ, பச்சமலை ஏறுவாங்கோ, பள்ளிக்கரணைக்குப் போயி கொக்கு பாப்பாங்கோ, கூடாரத்துல படுப்பாங்கோன்னேன். அது புள்ளிங்களுக்கு. தாய்க்காரிங்களுக்கு வேற சொன்னேன்.

– வேற என்ன?

– ஏழு நாளு உன் வூட்ல சத்தமே இருக்காது. மத்தியானத்துல கால நீட்டி படுக்கலாம், ஒர்த்தனும் வந்து "யம்மா, அவன் கிள்ளிட்டான்"னு சொல்லமாட்டான்னேன். அஸ்தினாபுரத்துல ரமான்னு ஒரு அம்மா கீது, ஆபீசருங்க வூடு. அதுக்கு மூணு பையன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மூணு பேரையும் அங்கியே எழுதிக்கச் சொல்லிட்டுது.

– மூணாவது பையனுக்குக் கட்டணம் இல்லைன்னு சொன்னியா?

– மூணாவதுக்கு ரெண்டு மடங்கு வோணும்னாலும் குடுப்பேன்னுது. இப்போ நீ ஒண்ணு சொல்லு வாத்யாரே. டீச்சரம்மாவ மாத்தறாங்கோ. உன்னய மாத்தல. நீ இன்னாத்துக்கு நாலு நாளா சோறு தண்ணி இல்லாம சைக்கிள் மிதிக்கிறே?

– ஹாஸ்டல் நல்லா நடக்கணும்னுதான்.

– அத்த கரசுபாண்டு ஐயாவாண்ட சொல்லு. என்னாண்ட வாணாம்.

– டீச்சர் பக்கத்துல இருக்காங்களா?

– இல்ல. ஆபீசுல பேரெயுதிகினு கீது.

– ஒன்பது வருஷம் அஞ்சம்மா. காலைல மணி அடிச்சதும் அவங்க அந்த வராந்தாவுல நடந்து வருவாங்க. மழையோ வெயிலோ, கையில அந்தக் கறுப்புக் குடை. அவங்க கடைசித் தூணைத் தாண்டினதும்தான் நான் அசெம்பிளிக்கு "அட்டென்ஷன்" கொடுப்பேன். எந்தப் பிள்ளைக்கும் அது தெரியாது. ஜூன்ல அந்த வராந்தா காலியா இருந்தா, நான் யாரைப் பார்த்து அட்டென்ஷன் கொடுக்கிறது?

– அடப்பாவி. இத்த அதாண்ட சொன்னா இன்னாவாம்?

– நானூறு பிள்ளைங்களை ஒரு விசில்ல நிறுத்திடுவேன். அவங்க முன்னாடி நின்னா விசிலே வரமாட்டேங்குது அஞ்சம்மா.

– ஒம்போது வருசமா ஊதிகினே கீறியா?

– கயித்தை இழு. கூடாரம் சாயுது.

– கூடாரம் நேராத்தான் கீது. நீதான் சாஞ்சுகினு கீறே.

*

– எத்தனை ஆச்சு டீச்சர்? மணி அஞ்சு. கரெஸ்பாண்டென்ட் ஐயா கார் வந்துடுச்சு.

– இருபத்தேழு சார்.

– காலைலேர்ந்து இருபத்தேழுலயே நிக்குதே. கூடாரத்தைப் பார்த்துட்டு பஸ்ஸை விட்டு இறங்கி வந்த பசங்க?

– அவங்களையும் சேர்த்துத்தான். நம்ம ஸ்கூல் சுந்தர்சிங் சார் தன் ரெண்டு பெண்களையும் சேர்த்துட்டார், அதுவும் இதுல அடக்கம். மூணு குறையுது. விடுங்க சார். நீங்க செஞ்சதை யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க. நாசரேத் ஒண்ணும் அந்நிய தேசம் இல்லை. எங்க சித்தி அங்கதான் இருக்காங்க.

– அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். நான் கேட்டுல போய் நிக்கறேன்.

– வாத்யாரே, டீச்சரம்மா, நகரு நகரு. இவரு யாருன்னு தெரியுதா? புதங்கெழம ஆலமரத்தாண்ட வெறும் வயித்தோட குந்திகினு இருந்தாரே, அவுருதான். அன்னிக்கு நான் குடுத்த பொங்கல துன்னுட்டு போனவரு, இப்போ புள்ளிங்களோட வந்துகீறாரு. அஞ்சு புள்ளிங்கோ.

– அஞ்சா?

– அஞ்சு. பள்ளிக்கரணைலேர்ந்து நடத்தியே கூட்டியாந்துட்டாரு. அன்னிக்கு அவுரு எதுக்கு வந்தாருன்னு இப்போ வெளங்குது இல்ல? ஒரே ஒரு கேள்வி கேக்கறாரு. அஞ்சு பக்கெட்டும் அவுருக்குத்தானான்னு.

– அவருக்குத்தான் அஞ்சம்மா. ஆறாவதா என் பக்கெட்டையும் கொடுத்துடறேன். டீச்சர், எழுதுங்க. முப்பத்திரண்டு. அந்த லிஸ்டைக் கொடுங்க, நான் ஓடறேன்.

– மெதுவா சார். படி இருக்கு.

– டீச்சரம்மா, நீ இன்னாத்துக்கு அழுவறே?

– அழலை அஞ்சம்மா. பேர் எழுதி எழுதிக் கண் எரியுது.

– எரியும் எரியும். இத்தக் கேளு. அந்த வாத்யாருக்கு விசில் வரலையாம்.

– என்ன விசில்?

– குந்து. சொல்றேன்.

*

– கையெழுத்துப் போட்டுட்டார் டீச்சர். ஹாஸ்டல் மூடலை. மாற்றல் ரத்து. உங்களை எங்கேயும் அனுப்பலை. ஜூன்ல ஹாஸ்டல் அட்மிஷனுக்கு நோட்டீஸ் வேணும்னார். நான் முந்திக்கிட்டு மத்தியானமே பிரஸ்ல கொடுத்து ப்ரூஃப் வாங்கி வச்சிருந்தேன்.

– முப்பது சேரும்னு அவ்வளவு நம்பிக்கையா சார்?

– நம்பிக்கை இல்லை. சும்மா இருந்தா பயமா இருந்துது. இந்தத் தடவை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்டக் கொண்டு வந்துட்டேன். சிவப்பு பென்சிலை எடுங்க.

– "பிள்ளைகளை எங்களிடம் விடுங்கள். உங்க வூடு அமைதியா இருக்கும்." இது அஞ்சம்மா சொன்னதா?

– "வீடு"ன்னு மாத்திடட்டுமா?

– வேண்டாம். "வூடு"ன்னே இருக்கட்டும். அந்த வூடுதான் முப்பத்திரண்டு பேரைக் கூட்டிட்டு வந்துது. தமிழ்ப் பண்டிதர் எங்க அப்பா இருந்திருந்தா என்னைத் தமிழ் டீச்சர் வேலையை விட்டே நிறுத்தியிருப்பார்.

– கூடாரம் நேரா இருக்கா?

– நேரா இருக்கு. பச்சை மையில அழகா இருக்கு.

– அப்போ அச்சுக்குக் கொடுத்துடலாமா?

– ஒரு பிழை இருக்கு சார். கடைசி வரி.

– "விடுதிக் காப்பாளர்: செல்வி ஞானஜோதி." எழுத்தெல்லாம் சரியாத்தானே இருக்கு?

– "செல்வி" தப்பு.

– புதன்கிழமை நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, பிழையில்லாத ஒரே வார்த்தை அதுதான்னு?

– அது மே மாச நோட்டீஸ். இது ஜூன்ல ஒட்டறது.

– ஜூன்ல மட்டும் அது எப்படித் தப்பாகும்?

– விசில் வரலைன்னா பரவாயில்லை சார், நானே சொல்லிடறேன். மே மாசத்துல நாலு ஞாயித்துக்கிழமை வருது. ஓலை வாசிக்க மூணு போதும்.