புகார் மனுவில் முதல் கையெழுத்து

பள்ளிக் குழுவின் பெருமைமிகு தலைவர் வெல்மா ஸ்டிரிக்லன்ட் அம்மையார் அவர்களே! வாரந்தோறும் வசனத்தால் என்னை வறுத்தெடுக்கும் போதகர் பெருமகனாரே! பைன்ஹாலோ ஊரின் மூத்தோரே, தாய்மார்களே! வேலை நிலைக்குமா நீங்குமா என்று முதல் வரிசையில் விரல் நெரித்துக்கொண்டிருக்கும் உயிரியல் ஆசிரியை லெனோரா டட்டில் அவர்களே! வணக்கம்.

நான் ரூபன் கிராஸ்லி, மேடைக்குப் புதியவன். சிரிக்காதீர்கள், மைக்கும் என்னைப் போலவே கரகரக்கிறது!

என் அருகே இருக்கும் பேராசிரியர் தடேயஸ் ஹோல்கம் அவர்களை அறிமுகம் செய்யச் சொன்னார்கள். சட்டம் கற்றார், சட்டத்தோடு நின்றாரா? அறிவியலின் வரலாறு கற்றார், அதோடு அடங்கினாரா? ஞாயிறுதோறும் ஆலயத்தில் பாடிக்கொண்டே, வேதமும் விஞ்ஞானமும் மோதிய அமெரிக்க வழக்குகளை நாற்பது ஆண்டுகள் தோண்டித் துருவினார். பக்தர்கள் இவரை நாத்திகர் என்றார்கள். விஞ்ஞானிகள் பக்தர் என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

சென்ற செவ்வாய்க்கிழமை இவர் வீட்டுக்கே சண்டைக்குப் போனேன். "என்ன புரொபசர், நீங்க ஆண்டவர் கட்சியா, குரங்கு கட்சியா?"

சோளரொட்டித் தட்டை என் பக்கம் தள்ளினார். "மொதல்ல சாப்பிடுங்க கிராஸ்லி. பரிணாமம்னு டீச்சர் நடத்துற அந்தப் புஸ்தகத்தப் படிச்சீங்களா?"

"அத வேற படிக்கணுமா?"

ஒரு பழைய வழக்குக் கட்டைப் பிரித்தார். நூறாண்டுக்கு முன் இதே ஊரில், இதே பாடம் உள்ள புத்தகத்தை நடத்திய ஓர் ஆசிரியரை விரட்டிய வழக்கு. ஜூரித் தலைவர் என் தாத்தா! தலைமுறை தலைமுறையாக நாங்கள் மார்தட்டிக்கொண்ட தீர்ப்பு! அதற்கடியில் தாத்தா நீதிபதிக்கு எழுதிய கடிதம்: "ஐயா, அந்தப் புஸ்தகத்த நான் தொறந்துகூடப் பாக்கல. பக்கத்துல இருந்தவன் கை தூக்கினான், நானும் தூக்கிட்டேன். அந்த வாத்தியார் புள்ளைங்களோட ரயிலேறுனதப் பாத்ததுலேர்ந்து சோறு எறங்கல."

பதில் வரவில்லை. தீர்ப்பும் மாறவில்லை.

யாரது, "கட்சி மாறிட்டியாடா ரூபன்?" என்பது? ஹாங்க் அண்ணே, நான் இன்னும் ஆண்டவர் கட்சிதான்! பொய்ச்சாட்சி சொல்லாதே என்றவரும் அதே ஆண்டவர்தானே!

"இந்நூலை முழுவதும் படித்தோம்" என்று டீச்சர்மேல் மனு எழுதினோமே, அதில் முதல் கையெழுத்து யாருடையது? என்னுடையது! அடுத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். படித்தீர்களா? ஏன் எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்க்கிறீர்கள்?

இன்னும் பத்து நிமிடத்தில் டீச்சரை நீக்கக் கை தூக்கச் சொல்வார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த அம்மா வேலை போய்விடுமோ என்று பயம். நாளை கடைத்தெருவில் என் முகத்தில் யாரும் விழிக்க மாட்டீர்களோ என்றும் பயம்.

தலைவர் அம்மையாரே, மனுவை இப்படிக் கொடுங்கள்... என் பெயரை அடித்துவிட்டேன்.

டீச்சர், என்னை மன்னித்துவிடுங்கள். பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் எழுந்தவர்களுக்கும் நன்றி. மனுவில் அடுத்த பெயர் உன்னுடையது, ஹாங்க் அண்ணே. பேனாவை மூடாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். வணக்கம்.