ஒரு வாளியில் கழுவியவள்

தண்ணீர்ச் சிக்கனம் என்று யாராவது பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். நேற்று செம்பூரிலிருந்து தாராவி போகிற பஸ்ஸில், வீட்டுவேலை முடித்துத் திரும்பும் இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் இருந்தார்கள். இளையவள் மடியில் ஒரு காலி கேன்.

“யக்கா, இன்னைக்கு ஒரே வாளித் தண்ணியில எல்லாப் பாத்திரத்தையும் கழுவிட்டேன்.”

“ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? அது ஒன் வீட்டுத் தண்ணியா?”

“தெனம் அங்கயிருந்து ஒரு கேன் புடிச்சிட்டு வருவேன்லா? இப்ப அவுங்க பில்டிங்ல வீட்டுக்கு வீடு தண்ணி மீட்டர் வச்சிட்டாங்க. பில்லப் பாத்துட்டு மேடம், இனி கேன் கொண்டு வராதன்னுட்டா. எங்க சந்துல துட்டு குடுத்துல்லா வாங்கணும்.”

“அதுக்கு?”

“மூணு வாளி செலவாவுற எடத்துல ஒண்ணுல முடிச்சிக் காட்டுனேன். ‘ரெண்டு வாளி மிச்சம் மேடம், அதுல ஒரு கேன் மட்டும் குடுங்க’ன்னு கேட்டேன்.”

“கெட்டிக்காரிதான். என்ன சொன்னா?”

“இனிமே தெனம் ஒரு வாளியிலயே கழுவுன்னா. கேனுக்கு சாரக் கேட்டுச் சொல்லுதேன்னா.”

“சார் வீட்லதான இருந்தாரு? அப்பவே கேக்க வேண்டியதான?”

“எங்க கேக்க? நான் பாத்திரத்துல கை வச்சப்ப ஷவருக்குப் போனவரு. நான் வேலைய முடிச்சிட்டு செருப்பு மாட்டும்போதும் உள்ள தண்ணி விழுந்துக்கிட்டுதான் இருந்துச்சு.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். இளையவள் சிரிக்கவில்லை. தாராவி வந்ததும் காலி கேனோடு இறங்கிப் போனாள்.